அளவு சிறுக்கலாம், விகிதம் குறையக்கூடாது

(முட்டுக்காட்டில் கடலோரப் பகுதி அரசுப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்த கையோடு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். காயல் பக்கமிருந்து காற்று நன்றாக வருகிறது. யாராவது கண்ணயர்ந்தால் நான் வருத்தப்படமாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். மதியம் முதல் பீரியடில் இயற்கணிதம் எடுத்தவளுக்குத் தூங்கும் முகங்கள் புதிதல்ல.

மாணவர்களிடம் படிப்பிலும் நடத்தையிலும் உயர்ந்த தரத்தை எதிர்பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். தேநீர் இடைவேளையில் உங்களில் சிலர் பேசிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. "பிரம்பையும் வாங்கிக்கொண்டார்கள், ஃபெயிலையும் எடுத்துவிட்டார்கள். இனி எதை வைத்துத் தரம், ஒழுக்கம் என்று பேசுவது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதை ஒதுக்கிவிட்டு நான் பேசினால் இந்த உரையால் யாருக்கும் பயன் இருக்காது. ஆகவே அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

நான் தேர்ச்சி பெறவைத்த மாணவன்

பல ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அம்மா விடியற்காலையில் கூடை தூக்கி மீன் விற்கப் போய்விடுவார். பையன் பள்ளிக்கு வருவான், பின் பெஞ்சில் உட்காருவான், ஒரு தொந்தரவும் செய்யமாட்டான். கணக்கு மட்டும் வராது. நானும் நம்மில் பலர் செய்வதையே செய்தேன். மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயரை எழுதினேன். "தம்பி, உனக்கு இதெல்லாம் வேண்டாம். வரைபடம், செய்முறை வடிவியல் இரண்டையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார். கணங்களில் இந்த நாலு கணக்கு. ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையை மனப்பாடம் பண்ணிக்கொள். பாஸ் ஆகிவிடலாம்" என்றேன். இந்த வித்தை உங்களுக்கும் தெரியும். இன்றைய வினாத்தாளிலும் வரைபடமும் வடிவியலும் சேர்ந்து எட்டும் எட்டும் பதினாறு. முப்பத்தைந்தில் பாதித் தூரம் வந்தாயிற்று.

அவன் தேர்ச்சி பெற்றான். அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் பெருமைப்பட்டேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு படகுத்துறையில் அவனைப் பார்த்தேன். என்ஜின் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அடையாளம் கண்டு எழுந்து வந்தான். என்ன படித்தாய் என்று கேட்டேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்தானாம். முதலாண்டுக் கணக்கிலேயே அரியர் விழுந்து, அடுத்த ஆண்டு அது இன்னும் சேர்ந்து, நின்றுவிட்டானாம். "டீச்சர், நீங்க என்னை பாஸ் பண்ண வெச்சீங்க. எங்க அம்மா இன்னமும் உங்களைச் சொல்லும். ஆனா அல்ஜீப்ரா எனக்கு வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நானும் வராதுன்னே நம்பிட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

உனக்கு வராது என்று நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கற்றுக்கொடுக்காமல் விட்டதன் மூலம் அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மேல் எனக்கு இரக்கம் இருந்தது, மறுக்கவில்லை. "பாவம், கடலோரப் பிள்ளை, இவ்வளவு போதும்" என்கிற இரக்கம் அது. நண்பர்களே, நம் பிள்ளைகளுக்கு ஆபத்தானது இந்த இரக்கம்தான். அடி வாங்கிய பிள்ளை அதை வீட்டில் போய்ச் சொல்லும். குறைத்து மதிக்கப்பட்ட பிள்ளைக்குத் தான் குறைத்து மதிக்கப்பட்டதே தெரியாது.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நாம் விட்டதை ட்யூஷன் ஈடு செய்துவிடும். நம் பிள்ளைக்கு நாம் விட்டால் விட்டதுதான். அதனால் அரசுப் பள்ளியில் தரத்தை இறக்குவதைச் சலுகை என்று சொல்லமுடியாது. அது பிள்ளையிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்வது.

கல்லில் ஒரு பாடம்

இங்கிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் மாமல்லபுரம் வந்துவிடும். உளிச் சத்தம் கேட்காத தெருவே அங்கே குறைவு. 1957-இல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி அங்கே இருக்கிறது. கன்னியாகுமரியில் கடல் நடுவே நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்தச் சிலை 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது.

சிற்பிகளிடம் நான் கற்றுக்கொண்ட ஒரு செய்தி உண்டு. நம் சிற்ப மரபில் உருவத்தை அளப்பதற்குத் தாளம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். முகத்தைக் கொண்டே கழுத்து, மார்பு, கால் என்று மற்ற உறுப்புகளின் அளவெல்லாம் கணக்கிடப்படும். அதனால் சிலை ஒரு சாண் உயரமா, தொண்ணூறு அடியா என்பது வேறு விஷயம். உருவத்தின் அளவு கூடலாம், குறையலாம். விகிதம் மாறாது. புதிதாக வந்த மாணவன் கையில் பெரிய கல்லை யாரும் கொடுக்கமாட்டார்கள். முதலில் கோடு, பிறகு வளைவு, பிறகு ஒரு பூ. ஆனால் அந்தப் பூவின் இதழ் கோணலாக இருந்தால், "சின்னப் பையன்தானே, போகட்டும்" என்று ஆசான் விடமாட்டார். திரும்பவும் செய்யச் சொல்வார். எப்படி என்று செய்தும் காட்டுவார்.

இதில் நமக்கு ஒரு பெரிய விடை இருக்கிறது. "ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையிடம் எப்படி உயர்ந்த தரத்தை எதிர்பார்ப்பது?" என்று கேட்கிறோம். வேலையின் அளவையும் வேலையின் தரத்தையும் நாம் குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வி இது. அந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கக் கட்டுரை வேண்டாம், மூன்று வரி கொடுங்கள். அந்த மூன்று வரியும் அதன் சொந்த வரியாக இருக்கவேண்டும், பிழை திருத்தப்பட்டிருக்கவேண்டும், வகுப்பின் முன் நின்று அது வாசித்துக் காட்டவேண்டும். அளவு சிறுத்துவிட்டது, விகிதம் அப்படியே இருக்கிறது. மாறாக, ஒரு பக்கக் கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொல்லி, நோட்டில் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுகிறோமே, அங்கே அளவு பெரிதாகத் தெரிகிறது. விகிதம் இல்லை.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தோம். நல்ல ஏற்பாடு. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதானே கூட்டிக்கொண்டு வரமுடியும்? ஆனால் அரும்பு என்பது பிள்ளையின் பெயர் ஆகிவிடக்கூடாது. ஜூன் மாதம் அரும்பில் இருந்த பிள்ளை பிப்ரவரியிலும் அரும்பிலேயே இருந்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்பதற்கு முன்னால், நாம் அதை எங்கே மறந்தோம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். பேருந்து நிறுத்தத்தில் யாரும் வீடு கட்டுவதில்லை.

மூன்று நொடி

இதெல்லாம் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரின் மனக்குறை மட்டுமல்ல. 1968-இல் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு தொடக்கப்பள்ளியில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். சில பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறப்போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியதாகக் கண்டார்கள். அந்த ஆய்வின் முறை பற்றிப் பின்னால் நிறைய வாதங்கள் எழுந்தன. எதிர்பார்ப்பு மந்திரம்போல மதிப்பெண்ணை ஏற்றிவிடும் என்று நானும் நம்பவில்லை. அதன் பிறகு நடந்த ஒரு ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1970-இல் ஜெரி பிராஃபி, தாமஸ் குட் இருவரும் வகுப்பறைக்குள்ளேயே உட்கார்ந்து ஆசிரியர்களைக் கவனித்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைக்கும் பிள்ளைக்கு விடை தெரியாவிட்டால் ஆசிரியர் கேள்வியை மாற்றிக் கேட்கிறார், துப்புக் கொடுக்கிறார். சுமாரான பிள்ளை என்று நினைப்பவருக்குத் தெரியாவிட்டால் விடையைத் தானே சொல்லிவிடுகிறார், அல்லது அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார்.

நம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். அடுத்த பிள்ளையிடம் போவது இரக்கத்தினால்தான். "அவனை நிறுத்திவைத்து அவமானப்படுத்தவேண்டாம்" என்றுதான் போகிறோம். ஆனால் அவனுக்குச் சேரும் செய்தி வேறு.

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் இன்னொன்றைக் கண்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. மூன்று நொடிக்கு எந்த நிதியும் வேண்டாம், எந்த அரசாணையும் வேண்டாம்.

என் ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகளில் நான் மாற்றிக்கொண்ட பழக்கங்கள் மூன்று. ஒன்று, "தெரியாது டீச்சர்" என்பதை முடிவான விடையாக ஏற்கமாட்டேன். இன்னொரு பிள்ளையிடம் கேட்டுவிட்டு முதல் பிள்ளையிடமே திரும்பி வருவேன். "இப்போ நீ உன் வார்த்தையில சொல்லு." இரண்டு வாரத்தில் வகுப்புக்கு இது பழகிவிடும். யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை, ஏனென்றால் அது எல்லோருக்கும் நடக்கிறது.

இரண்டாவது நோட்டுத் திருத்தம். நாற்பது நோட்டையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போய் டிக் அடிப்பதை விட்டேன். நாளுக்கு எட்டு நோட்டு. வாரத்துக்கு ஐந்து நாள், நாற்பது முடிந்தது. ஒவ்வொரு நோட்டிலும் ஒரே ஒரு கணக்கை மட்டும் வரிவரியாகப் பார்ப்பேன். எந்த வரியில் வழுக்கியதோ அங்கே ஒரு புள்ளி. தவறு என்ன என்று எழுதமாட்டேன். பிள்ளை கண்டுபிடித்து மறுபடி போட்டுக் கொண்டுவரவேண்டும். சில பிள்ளைகள் மூன்று முறை கொண்டுவந்தார்கள். மூன்றாவது முறை சரியாக வந்தபோது அந்த முகத்தில் பார்த்ததை எந்த நூற்றுக்கு நூறிலும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, நல்ல விடை எப்படி இருக்கும் என்று காட்டுவது. "நன்றாக எழுது" என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? ஐந்து மதிப்பெண் விடை ஒன்றையும் இரண்டு மதிப்பெண் பெற்ற விடை ஒன்றையும் பெயரில்லாமல் கரும்பலகையில் எழுதி, என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளையே கேட்டேன். அவர்கள் என்னைவிடக் கறாரான பரீட்சகர்கள்.

கோவளத்தில் மூன்று விதி

இனி நடத்தைக்கு வருவோம். இதற்கும் வெகுதூரம் போகவேண்டியதில்லை. இந்தக் காயல் கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கோவளம். அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்கைத் தானாகக் கற்றுக்கொண்டார். பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். நாளடைவில் அது அலைச்சறுக்குப் பள்ளியாக வளர்ந்து, வெளிநாட்டவர்கூட வந்து பார்க்கும் இடமாகிவிட்டது. அவர் பிள்ளைகளுக்கு வைத்த விதிகள் புகழ்பெற்றவை. புகைக்கக்கூடாது. குடிக்கக்கூடாது. பள்ளிப் படிப்பை நிறுத்தக்கூடாது. இதற்குச் சம்மதித்தால் பலகை கிடைக்கும், பயிற்சி கிடைக்கும்.

யோசித்துப் பாருங்கள். அவர் கையில் பிரம்பு இல்லை. ஃபெயில் போடும் அதிகாரம் இல்லை. மாற்றுச் சான்றிதழ் இல்லை. கட்டாய வருகைப் பதிவும் இல்லை. பிள்ளைகள் விரும்பினால் வரலாம், விரும்பாவிட்டால் போகலாம். ஆனாலும் அந்த விதிகள் நின்றன. ஏன்?

எனக்குத் தெரிந்தவரை காரணங்கள் இவை. விதிகள் மூன்றுதான், எந்தப் பிள்ளையும் விரல்விட்டுச் சொல்லலாம். நம் பள்ளிச் சுவரில் தொங்கும் பலகைகளில் இருபது விதி இருக்கிறது. அதில் ஆறு நமக்கே நினைவில்லை. அடுத்து, விதிகளுக்குக் காரணம் பிள்ளைக்குத் தெரியும். குடித்துவிட்டு அலையில் நிற்கமுடியாது என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை. மூன்றாவதாக, விதிக்கு அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. அலை இருக்கிறது. நான்காவதாக, விதி வைத்தவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கத்துகிறவர் அல்ல. பிள்ளைகளோடு அவரும் தண்ணீரில் இருக்கிறார்.

இப்போது தேநீர் நேரக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்பதில் தமிழ்நாடு உறுதியாக இருக்கிறது. இவை நம் கையைக் கட்டிவிட்டன என்று பலர் நினைக்கிறோம். நான் பிரம்பு இருந்த காலத்திலும் வேலை பார்த்தவள். உண்மையைச் சொல்கிறேன். அன்று வகுப்பு அமைதியாக இருந்தது. நான் வராண்டாவைத் தாண்டியதும் அந்த அமைதி போய்விடும். பிரம்பு உருவாக்கியது என் முன்னால் நடந்துகொள்ளும் விதத்தை. என் முதுகுக்குப் பின்னாலும் நிற்பதைத்தான் ஒழுக்கம் என்று சொல்லமுடியும்.

ஃபெயிலும் அப்படித்தான். நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைக்கு அடுத்த ஆண்டு புதிதாக என்ன கற்றுக்கொடுத்தோம்? அதே பாடம், அதே முறை, அதே பின் பெஞ்ச். பெரும்பாலும் அந்தப் பிள்ளை படகுக்கோ கல்லுடைக்கவோ போய்விட்டது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நிறுத்தாமல் ஏற்றிவிடுவதும், கற்றுக்கொடுக்காமல் ஏற்றிவிட்டால், அதே அநீதிதான். கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவே. ஏற்றிவிடும் பொறுப்பைச் சட்டம் எடுத்துக்கொண்டது. கற்றுக்கொடுக்கும் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது.

தவறினால் என்ன செய்வது?

விதி என்று இருந்தால் மீறலும் இருக்கும். அப்போது கண்டுகொள்ளாமல் விட்டால் மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்கள். "இந்த டீச்சர் சொல்றது சும்மா" என்று முடிவு செய்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது நடக்கவேண்டும். ஆனால் அது சரிசெய்வதாக இருக்கவேண்டும். பெஞ்சில் கிறுக்கியவன் அந்தப் பெஞ்சைத் துடைக்கட்டும், கூடவே நீங்களும் ஒரு துணி எடுங்கள். இன்னொரு பிள்ளையைப் பட்டப்பெயர் வைத்து அழைத்தவள் அந்தப் பிள்ளையிடம் பேசட்டும், வகுப்பின் முன்னால் அல்ல, தனியாக. வீட்டுப்பாடம் எழுதாதவன் இடைவேளையில் உங்கள் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து அதில் பாதியையாவது முடிக்கட்டும். "டி.சி. கொடுத்து அனுப்பிடுவேன்" என்ற வார்த்தையை மட்டும் அகராதியிலிருந்து எடுத்துவிடுங்கள். உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டு, இந்த இடத்தின் விதியை மதி என்று கேட்கமுடியாது.

தாமதமாக வரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கடலோர வீடுகளில் காலை எட்டு மணிக்குப் பெரியவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். அப்பா கடலில், அம்மா சந்தையில். பத்து வயதுப் பெண் தன் தம்பிக்குத் தலைசீவி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடி வருகிறது. அந்தப் பிள்ளையை வாசலில் நிற்கவைப்பது கொடுமை. "பரவாயில்லை, எப்போ வேணும்னாலும் வா" என்பதும் சரியல்ல. முதல் பீரியடை அது தினமும் இழக்கிறது. காரணத்தைக் கேளுங்கள், வழியைத் தேடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்த்து அனுப்ப முடியுமா, அங்கன்வாடி ஆயாவிடம் பேச முடியுமா, பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். சரியான நேரம் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடாதீர்கள். அதை நிறைவேற்றப் பிள்ளைக்குத் துணையாக இருங்கள்.

நடத்தை என்றால் தலைமுடியும் சட்டைப் பொத்தானும் மட்டும்தானா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது. அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதி அடையாளம் காட்டும் கயிறுகளைப் பள்ளியில் அனுமதிக்கக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தலைமுடி வெட்டாத பிள்ளையை வாசலில் நிறுத்துகிறோம். கையில் கயிறு கட்டி, அதன் நிறத்தைப் பார்த்து நண்பர்களைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையை அமைதியானவன், மரியாதை தெரிந்தவன் என்கிறோம். சக மனிதரைச் சமமாக நடத்துவதுதான் நம் பள்ளிகளில் முதல் விதியாக இருக்கவேண்டும். மற்றவை அதற்குப் பிறகு.

இந்த விதிகள் நமக்கும் உண்டு. மணி அடித்ததும் பிள்ளை வகுப்பில் இருக்கவேண்டும் என்றால் நாமும் இருக்கவேண்டும். வகுப்பில் கைப்பேசி கூடாது என்றால் நம் கைப்பேசியும் கூடாது. "டேய், வாடா" என்று அழைத்துவிட்டு மரியாதையை எதிர்பார்க்கக்கூடாது. ஒரு பிள்ளையை அதன் முழுப் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். நிமிர்ந்து உட்காரும்.

நூறு சதவீதம்

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். உயர்ந்த தரம் என்றதும் சிலருக்கு நூறு சதவீதத் தேர்ச்சி நினைவுக்கு வரும். ஒன்பதாம் வகுப்பிலேயே தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைத் தனித்தேர்வராக எழுதச் சொல்வதும், வேறு பள்ளி பார்க்கச் சொல்வதும், வராமலே போனால் நிம்மதியடைவதும் தரம் ஆகாது. நாற்பது பேரில் ஐந்து பேரை வெளியே அனுப்பிவிட்டு முப்பத்தைந்து பேரைத் தேர்ச்சி பெறவைத்தால், சுவரொட்டியில் நூறு சதவீதம் என்று அச்சடிக்கலாம். அந்த ஐந்து வீடுகளில் அந்தச் சுவரொட்டியை எப்படிப் படிப்பார்கள்? பிள்ளையை வெளியே அனுப்புவதும், நான் செய்ததுபோல் நாலு கணக்கோடு நிறுத்திக்கொள்வதும், இரண்டும் ஒரே நம்பிக்கையின்மையிலிருந்து வருபவை. ஒன்று கடுமையான முகத்தோடு வரும். மற்றொன்று அன்பான முகத்தோடு வரும்.

நாளைக்கே எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். பதிவேடு, எமிஸ், பயிற்சி, கணக்கெடுப்பு எல்லாம் தெரியும். நாளைக்கு வகுப்புக்குப் போனதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டீர்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மூன்று நொடி காத்திருங்கள். தெரியாது என்றால் திரும்பி வருவேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள்.

படகுத்துறையில் பார்த்த அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அன்று பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பும்போது ஒன்று சொன்னான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை. நான் வேலை பார்த்த பகுதியிலேயே இன்னொரு அரசுப் பள்ளியில் அப்போது மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். "கணக்கு கொஞ்சம் தடுமாறுது டீச்சர். அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்க. எம் பொண்ணுக்கு நாலு கணக்கு போதும்னு மட்டும் சொல்லிட வேணாம்னு சொல்லுங்க" என்றான்.

அந்தச் செய்தியை அன்று அந்தப் பள்ளியில் சொல்லிவிட்டேன். இன்று உங்களிடமும் சொல்லிவிட்டேன். அவனைப் போன்ற அப்பாக்களின் பிள்ளைகள்தான் நாளைக் காலை உங்கள் முன்னால் உட்காரப்போகிறார்கள்.